அடையாளத்தை விடாமல் சங்கத்தின் வேலையை மாற்றுவது எப்படி?

நொய்யல் பக்கம் குளம் தூர்வாரத் தொடங்கிய உங்கள் குழு இப்போது மாலை வகுப்பும் நடத்தலாமா என்று யோசிக்கிறதென்றால், முதலில் பழைய தீர்மானப் புத்தகத்தை எடுங்கள். எதற்காகக் கூடினோம் என்று முதல் பக்கத்தில் இருப்பதைப் புது ஆட்கள் முன்னால் சத்தமாகப் படியுங்கள். அப்புறம் அன்றைக்கு மண்வெட்டி பிடித்த பெரியவர்களிடம், "எதை விட்டால் இது நம்ம சங்கமே இல்லைங்க?" என்று கேளுங்கள். வரும் பதிலில்தான் கை வைக்கக்கூடாது, மற்றதை மாற்றலாம். அமெரிக்காவில் 1938-இல் போலியோவுக்காகத் தொடங்கி, பின்னாளில் மார்ச் ஆஃப் டைம்ஸ் (March of Dimes) என்று பெயர் பெற்ற அமைப்பு, 1955-இல் தடுப்பூசி வந்த பிறகும் கலையாமல் 1958-இல் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பியது, குழந்தைகளைக் காப்பதை மட்டும் விடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. சரி, நோக்கமே மாறுகிறதா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-படி சிறப்புத் தீர்மானம் போட்டு, பதிவாளரிடம் தாக்கல் செய்துவிடுங்கள்.