எலும்புவழிக் காதுக்கருவியா? முதலில் தலைப்பட்டையில் கேட்டுப் பாருங்கள்

எங்கள் அப்பத்தாவுக்குக் காதில் ஓயாமல் சீழ். சாதாரண மெஷினைச் செருகினால் இன்னும் கூடிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு எலும்புவழிக் கருவி தோதானது. ஒலி மண்டையோட்டு எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போய்விடும். உள்காது ஓரளவாவது வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இதை எலும்பில் பொருத்தும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன், கருவியைத் தலைப்பட்டையில் மாட்டி வீட்டுக்குத் தருவார்களா என்று கேளுங்கள். டாக்டர் அறையின் அமைதியில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். நாங்கள் காரைக்குடி வீட்டு வளவில் அப்பத்தாவை உட்கார வைத்தோம். இரண்டாம் கட்டிலிருந்து தங்கை, "அப்பத்தா, காப்பி வேணுமா?" என்றாள். "சீனி கம்மியா" என்று உடனே பதில் வந்தது! பட்டையில் தோல் ஒலியைக் கொஞ்சம் அமுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தோலுக்கு வெளியே டைட்டானியம் முளை நீட்டிக்கொண்டிருக்கும் வகையில் ஒலி நேராகப் போகும். ஆனால் முளையைச் சுற்றித் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், விட்டால் புண்ணாகும். காந்த வகையில் உள்ளே இருக்கும் காந்தத்தைத் தோல் மூடியிருக்கும். வெளிக்கருவி அழுத்தினால் தோல் சிவக்கும். காந்தம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று மாடல் வாரியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பேட்டரி உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "கொண்டையில இடிக்குமா?"