கடல் கடந்த பிரித்தோனியரின் தடத்தைத் தேடுவது எப்படி?

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய ஆட்சி பிரிட்டன் தீவை விட்டு நீங்கிய பிறகு, அத்தீவின் பழங்குடிகளான பிரித்தோனியர் பலர் கடல் கடந்து, இன்றைய பிரான்சின் வடமேற்கு மூலையில் உள்ள ஆர்மோரிக்காவில் குடியேறினார்கள். அந்த நிலத்துக்குப் பிரிட்டனி என்ற பெயர் அவர்களால் வந்ததே. தீவின்மீது படையெடுத்த ஜெர்மானிய இனத்தவரான சாக்சன்களுக்கு அஞ்சி ஓடினார்கள் என்ற ஒற்றை வரியில் இந்த வரலாற்றை முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. இந்த இடப்பெயர்ச்சியைத் தாமாகவே ஆராய்ந்து பார்க்க விரும்புகிறவர் அந்த வரியை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு குறிப்பேடும், சிற்றூர்களின் பெயர்கள் வரை காட்டும் பிரிட்டனி வரைபடம் ஒன்றும், பிரிட்டன் தீவின் மேற்கிலுள்ள கார்ன்வால், வேல்ஸ் பகுதிகளின் வரைபடங்களும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

முதல் வேலை, எழுத்துச் சான்றுகளை அவை எழுதப்பட்ட காலத்தைக் கொண்டு வரிசைப்படுத்துவது. ஒரு நூல் எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறது என்பதைவிட, அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதே இங்கு முக்கியம். குறிப்பேட்டின் முதல் வரியில் 461ஐ எழுதுங்கள். அந்த ஆண்டில் இன்றைய பிரான்சின் தூர் நகரில் ஆயர்கள் கூடிய திருச்சபைச் சங்கத்தில் 'பிரித்தோனியரின் ஆயர்' என்று மான்சுவேட்டஸ் என்பவர் கையொப்பமிட்டிருக்கிறார். அவர் ஒரு நகரத்தின் ஆயராக அல்லாமல் ஒரு மக்களின் ஆயராகக் குறிக்கப்படுவதைக் கவனியுங்கள். அடுத்து 470ஐ ஒட்டிய ரியோத்தாமஸ் வருகிறார். பிரித்தோனியரின் மன்னரான இவர் ரோமுக்கு ஆதரவாகப் படை நடத்தி, இன்றைய பிரான்சின் நடுவே உள்ள தெயோல் என்ற ஊரருகே ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்தியரிடம் தோற்றார். அவர் 12,000 பேருடன் வந்தார் என்று எழுதிய வரலாற்றாசிரியர் யோர்தானஸ் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிந்தியவர் என்பதால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். ஆனால் ஆயர் சிடோனியஸ் அப்போலினாரிஸ் இதே ரியோத்தாமஸுக்கு எழுதிய கடிதம் சமகாலத்தது. தம் அடிமைகளைப் பிரித்தோனியர் ஆசைகாட்டி அழைத்துச் சென்றுவிட்டார்கள் என்று முறையிட்ட ஓர் எளிய மனிதருக்காகப் பரிந்து எழுதப்பட்ட கடிதம் அது. படைகளின் எண்ணிக்கையைவிட இந்தச் சிறு வழக்கே அக்கால வாழ்க்கையை நமக்கு நெருக்கமாகக் காட்டுகிறது.

6ஆம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸின் சாட்சியத்தை வாசிக்கும்போது மிகுந்த நிதானம் வேண்டும். சாக்சன்களின் தாக்குதலில் உயிர் தப்பியவர்களில் சிலர் பெரும் புலம்பலோடு கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளுக்குச் சென்றார்கள் என்றும், வழக்கமான படகுப்பாட்டுக்குப் பதிலாகப் பாய்களின் கீழே, ஆடுகளைப் போல் இரையாகக் கொடுக்கப்பட்டு மக்களினங்களுக்குள் சிதறடிக்கப்பட்டோம் என்னும் விவிலியத்தின் 44ஆம் சங்கீதத்தின் அடியைப் பாடினார்கள் என்றும் அவர் எழுதுகிறார். நெஞ்சைத் தொடும் அந்த வரியில் ஆர்மோரிக்கா என்ற பெயரே இல்லை. அதை உள்ளே நுழைத்தவர்கள் பின்னால் வந்த வாசகர்கள்.

குடியேறியவர்களின் அன்றாட வாழ்வைக் காண, 509க்கும் 521க்கும் இடையே தூர், ஆஞ்சே, ரென் நகரங்களின் ஆயர்கள் மூவர் லோவோகாத்துஸ், காத்திஹெர்னுஸ் என்ற இரண்டு குருக்களுக்கு அனுப்பிய கண்டனக் கடிதத்தைத் தவறாமல் படியுங்கள். அவ்விருவரும் பலிபீடப் பலகைகளைச் சுமந்துகொண்டு தங்கள் மக்களின் குடிசை குடிசையாகச் சென்று திருப்பலி நடத்துகிறார்கள் என்பதும், பெண்கள் திருப்பலிக் கிண்ணத்தை ஏந்தி மக்களுக்கு வழங்குகிறார்கள் என்பதும் ஆயர்களின் குற்றச்சாட்டு. கண்டிக்க எழுதியவர்கள் தம்மை அறியாமலே, கோயில் எழும்பாத ஒரு புதுக்குடியிருப்பின் வழிபாட்டை அப்படியே வரைந்து தந்திருக்கிறார்கள்.

இனி வரைபடத்தை விரியுங்கள். 'ப்ளூ' என்று தொடங்கும் ஊர்களை ஒரு நிறத்திலும், 'லான்' என்று தொடங்குபவற்றை வேறொரு நிறத்திலும் குறியுங்கள். முதலாவது, மக்கள் என்று பொருள்படும் 'பிளெப்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, ஒரு திருச்சபைப் பங்கின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள வட்டாரத்தின், மக்களைக் குறித்தது. வேல்ஸில் 'ப்ளுயிவ்' என்பதும் கார்ன்வாலில் 'ப்ளூ' என்பதும் அதே சொல்தான். இரண்டாவது, புனிதர் ஒருவரின் பெயரால் வழங்கும் தூய இடம். எழுத்து மாற்றங்களில் ஏமாந்துவிடாதீர்கள். தெற்குப் பிரிட்டனியில் வான் (Vannes) என்ற நகரைச் சுற்றிய பகுதியில் அதே சொல் ப்ளோ, ப்ளு என்றும், கிழக்கே ப்ளே என்றும் திரிந்திருக்கும். ஐயம் வந்தால் கிழக்குப் பிரிட்டனியிலுள்ள ரெதோன் மடத்தின் 9ஆம் நூற்றாண்டு நிலப் பத்திரங்களைப் பாருங்கள். இன்றைய ப்ளோயெர்மெல் அங்கே 'பிளெப்ஸ் ஆர்த்மாயெல்', அதாவது ஆர்த்மாயெலின் மக்கள் என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டால் இந்த முறையின் வலிமை தெளிவாகும். 'லோக்' என்று தொடங்கும் பெயர்கள் பெரும்பாலும் பல நூற்றாண்டுகள் பிந்தியவை என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது நிறத்தில் 'ஆக்' என்று முடியும் பெயர்களைக் குறியுங்கள். இவை ரோமானியக் காலப் பண்ணைகளின் பெயர்கள். கிழக்கே லத்தீன் வழிப் பேச்சு தொடர்ந்த இடங்களில் அவ்விகுதி 'ஏ' என்று தேய்ந்து 'செவிஞே' போன்ற பெயர்கள் உருவாயின. பிரித்தோனியப் பேச்சு பரவிய இடங்களில் 'செவிஞாக்' என்பதுபோல் பழைய ஒலி உறைந்து நின்றது. இரு வகைகளும் சந்திக்கும் கோட்டைப் பென்சிலால் வரைந்தால், வந்தவர்களின் மொழி எதுவரை சென்றது என்பது கண்முன் நிற்கும்.

அடுத்த படி, கடலின் இரு கரைகளையும் இணை சேர்ப்பது. இதுவே தேடலின் உயிர்நாடி என்பதால் நிறைய நேரம் செலவிடுங்கள். பிரிட்டனியின் மேற்குக் கோடியில் லாந்தெவென்னெக் மடமும் கார்ன்வாலின் தென்கோடியில் லாண்டுவெட்னக் என்ற ஊரும் ஒரே புனிதர் வின்வலோவின் பெயரைச் சுமக்கின்றன. வேல்ஸின் லான்டெய்லோவுக்கு இணையாக பிரிட்டனியில் லாந்தெலோ இருக்கிறது. இரண்டும் புனிதர் டெய்லோவுக்கு உரியவை. பெரும் பிரிவுகளின் பெயர்களும் அப்படியே. வடக்குப் பிரிட்டனியின் தொம்னோனே, தீவின் தென்மேற்கில் டெவனையும் கார்ன்வாலையும் உள்ளடக்கிய தும்னோனியாவின் பெயரைக் கொண்டது. தென்மேற்கின் கோர்னுவாய், கார்ன்வாலின் பெயரோடு ஒன்றுபடுகிறது. மொழியும் இதையே உறுதி செய்யும்: ரொட்டிக்கு 'பாரா', கடலுக்கு 'மோர்' என்று பிரிட்டனி, கார்ன்வால், வேல்ஸ் ஆகிய மூன்று நிலங்களின் மொழிகளிலும் ஒரே சொற்கள் உள்ளன.

தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த வரியை இப்போது எடுத்துச் சோதியுங்கள். சாக்சன்கள் முதலில் காலூன்றியது தீவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும். டெவன் அவர்கள் கைக்குப் போனது 7, 8ஆம் நூற்றாண்டுகளில்தான். ஆனால் பெயர்கள் காட்டும் தாயகம் மேற்கே இருக்கிறது. ஆகவே அச்சம் ஒரு காரணமாக இருந்திருக்கலாமே தவிர, அதுவே முழுக் காரணமாக இருக்க முடியாது. மேற்குக் கரையை வருத்திய அயர்லாந்துக் கொள்ளையர், ரியோத்தாமஸுடையதைப் போன்ற படைப் பணி, ரோமானியக் காலத்திலிருந்தே ஆங்கிலக் கால்வாய் என்ற கடலைக் கடந்து பழகிய கடல்வழி ஆகிய எல்லாவற்றையும் எடைபோட வேண்டும்.

புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைக் கடைசியில் படியுங்கள். லாந்தெவென்னெக்கில் வின்வலோவின் வரலாறு 9ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அது தன் காலத்து மடத்தைப் பற்றிச் சொல்வதை நம்பலாம், முன்னூறு ஆண்டுகளுக்கு முந்திய படகுகளைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. பிரிட்டனியின் தோல் (Dol) என்ற நகரின் புனிதர் சாம்சன் மட்டும் சற்று வேறு, ஏனெனில் அவர் பெயர் 6ஆம் நூற்றாண்டின் பாரிஸ் திருச்சபைச் சங்கப் பதிவிலேயே இருக்கிறது.

ஸ்பெயினின் கலிசியாவை விட்டுவிடாதீர்கள். அங்கும் பிரித்தோனியர் குடியேறினார்கள். 572இல் இன்றைய போர்த்துகலின் பிராகா (Braga) நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் அவர்களுடைய ஆயர் மாயிலோக் கையொப்பமிட்டார். அது தெளிவான பிரித்தோனியப் பெயர். ஆனால் மொழி அங்கே நிலைக்கவில்லை. ஆகவே கலிசியாவில் வேலையின் வரிசையை மாற்றி, சங்கப் பதிவுகளையும் அக்காலத்துத் திருச்சபைப் பங்குப் பட்டியலையும் முதலில் படித்துவிட்டு, பிறகு வரைபடத்தில் லூகோ மாகாணத்தின் சாந்தா மரியா தே பிரெத்தோஞா என்ற சிற்றூரைத் தேடிக் குறியுங்கள்.