நடுவை விடுங்கள், தலையையும் வாலையும் கேளுங்கள்

ஜப்பானிய மொழி வகுப்பின் முதல் நாள் எழுந்து நின்று, "ஒரே வா..." என்று ஆரம்பித்தேன். எல்லாம் அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் படங்களைப் பார்த்துக் கற்றது. ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சண்டைக்கா வந்திருக்கிறீர்கள்?" என்றார். 'ஒரே' என்றாலும் 'நான்'தான், ஆனால் முரட்டு ஆண்பிள்ளையின் 'நான்'. நானோ பெண். அதற்கப்புறம்தான் காதைப் பழக்கினேன்.

நீங்களும் பழகலாம். ஒரு அனிமே காட்சியில் படத்தை மறைத்துவிட்டு, ஒலியை மட்டும் கேளுங்கள். பேசுகிறவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார், வாக்கியம் எதில் முடிகிறது என்ற இரண்டை மட்டும் நோட்டில் குறியுங்கள். "வாஷி கா இக்கு நோ ஜா" என்றால் கிழவர், இல்லாவிட்டால் வெள்ளைத்தாடி விஞ்ஞானி. "ஒரே கா இக்கு ஸே" அடாவடி இளைஞன். "பொக்கு கா இக்கு யோ" சாதுவான பையன். "அதாஷி கா இக்கு வா" பெண். 'செஷ்ஷா' என்று தொடங்கி 'தெகொஸாரு' என்று முடித்தால் சாமுராய். முதல் நான்குக்கும் சப்டைட்டிலில் வருவது ஒரே வரி: நான் போகிறேன். (இது தமிழ் 'ஒரே'!)

இப்படி ஆளைக் காட்டிக்கொடுக்கும் பேச்சுக்கு 'யாகுவாரிகோ' என்று பெயர். பாத்திர மொழி எனலாம். 2000வாக்கில் இந்தப் பெயரை வைத்தவர் மொழியியலாளர் கின்சுய் சதோஷி.

சரி, அடுத்து நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள்: நிஜத்தில் யார் இப்படிப் பேசுகிறார்? எனக்கு ருசி பிடித்தது இங்கேதான். தோக்கியோ தாத்தாக்கள் 'ஜா' போட்டுப் பேசுவதில்லை. ஆனால் மேற்கு ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் 'ஜா' சாதாரண வட்டார வழக்கு. பிறகு எப்படி அது விஞ்ஞானிக்கு ஒட்டிக்கொண்டது? தோக்கியோவுக்கு 'எதோ' என்று பெயர் இருந்த பழைய காலத்தில் அங்கே இளையவர்கள் கிழக்குப் பேச்சுக்கு மாறினார்கள். வைத்தியர், பண்டிதர் போன்ற மூத்தவர்கள் மேற்குப் பேச்சை விடவில்லை. நாடகமும் கேலிக்கதைகளும் அதை ஊதிப் பெருக்கின. மங்கா என்ற ஜப்பானியப் படக்கதை அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

'வா'வின் கதை இன்னும் வேடிக்கை. மெய்ஜி காலத்தில் (1868-1912) பள்ளி மாணவிகள் 'தெயோ', 'தவா' என்று முடித்தபோது பெரியவர்கள் அதை நாகரிகமற்ற பேச்சு என்று திட்டினார்கள். பின்னால் அதுவே நல்ல குடும்பத்துப் பெண்ணின் அடையாளம் ஆனது. ஒரு எச்சரிக்கை: குரல் மேலே ஏறும் 'வா' மட்டும்தான் பெண்ணுக்குரியது. இறங்கும் 'வா'வை ஒசாகா ஆண்களும் தாராளமாகச் சொல்வார்கள். நான் இதில் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

சீனப் பாத்திரம் 'அரு' என்று முடித்தால் அந்த இடத்தைத் தனியாகக் குறித்துவையுங்கள். துறைமுக நகரம் யோகோஹாமாவில் வெளிநாட்டவரோடு பேசப்பட்ட கலப்புப் பேச்சிலிருந்து வந்தது அது. சீனரைக் கேலி செய்வதாகப் படுவதால் எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

கடைசியாக, மொழிபெயர்த்த பேட்டிகள். வெளிநாட்டு வீராங்கனை ஒருவர் பேசுவதற்கு ஜப்பானியத் தொலைக்காட்சி 'வா', 'நோ யோ' என்று வால் ஒட்டியிருக்கும். இன்றைய ஜப்பானிய இளம்பெண்களே அப்படி அதிகம் பேசுவதில்லை. அந்த வால் அவருடையதா, மொழிபெயர்ப்பாளருடையதா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பேசும்போது 'வத்தாஷி' என்ற பொதுவான 'நான்' சொல்லும், 'தெஸு', 'மஸு' என்ற மரியாதையான முடிவுகளும் போதும். என் வாயில் 'ஒரே' இன்னும் வரத்தான் செய்கிறது, தனியாக வண்டி ஓட்டும்போது மட்டும்.