வட்டம் புள்ளிமேல் உட்கார்ந்தால் மட்டும் போதாது

படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்-கதிர் டிடெக்டரில் பதிக்கும் புள்ளிகளை ஆராயும் நிரல் எக்ஸ்டிஎஸ். அதைப் பழகுகிறவர்கள் இன்டெகிரேஷன் (ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் அளப்பது) முடிந்ததும் ஃபிரேம்.சிபிஎஃப் கோப்பைத் திறக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்டம் இருக்கிறது, திருப்தியோடு மூடிவிடுகிறார்கள். புள்ளி எங்கே விழும் என்பதைத்தான் வட்டம் காட்டும். அதன் ஹெச், கே, எல் (புள்ளியை அடையாளம் காட்டும் மூன்று முழு எண்கள்; இவற்றைச் சூட்டுவதே இன்டெக்சிங்) சரியா என்று காட்டாது.

ஓர் எண் தள்ளிப்போன இன்டெக்சிங்

அலைநீளம் 1 ஆங்ஸ்ட்ராம், டிடெக்டர் தூரம் 200 மி.மீ., செல்லின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை அலகின்) நீண்ட அச்சு 300 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சில் அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி சுமார் 0.67 மி.மீ. பிலாட்டஸ் டிடெக்டரின் பிக்சல் 0.172 மி.மீ. என்பதால் நான்கே பிக்சல். பீம் சென்டர் (நேர்க்கதிர் டிடெக்டரில் விழும் இடம்) 2 பிக்சல் பிசகினாலே நிரல் பக்கத்து வரிசையைப் பிடித்துக்கொள்ளலாம். அப்போதும் வட்டங்கள் அழகாகவே பொருந்தும்.

சேதம் உள்ளே நடக்கிறது. உண்மையில் 5 ஆன புள்ளிக்கு 6 என்று பெயர் விழுகிறது, −7-க்கு −6. சமச்சீர்ப்படி 6-ம் −6-ம் சமமா என்று ஒப்பிடும் நிரல், உண்மையில் 5-ஐயும் −7-ஐயும் ஒப்பிடுகிறது. வலுவான புள்ளிகள் உள்ள குறைந்த ரிசல்யூஷனிலேயே ஆர்-மீஸ் (சமமாக இருக்க வேண்டிய புள்ளிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) படுமோசமாகிறது. உடனே சமச்சீரை மிகக் குறைந்த நிலையான பி1-க்கு இறக்குகிறார்கள், ட்வின்னிங் (இரட்டைப் படிகம்) என்கிறார்கள், நல்ல படிகத்தையே ஒதுக்குகிறார்கள். மாதக்கணக்கில் வளர்த்த படிகம் இப்படிப் போவதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

இன்டெக்சிங்கின் பதிவுக் கோப்பான ஐடிஎக்ஸ்ரெஃப்.எல்பி-யில் இன்டெக்ஸ் ஆரிஜின் அட்டவணையைப் பாருங்கள்; எண்களைத் தள்ளிவைத்தால் எவ்வளவு பொருந்துகிறது என்று அது காட்டும். 0 0 0 வரியின் குவாலிட்டி எண் மிகக் குறைவாகவும், மற்ற வரிகள் தெளிவாக எட்டவும் இருக்க வேண்டும். 0 0 0-ம் 0 0 1-ம் நெருங்கி நின்றால் பீம் சென்டரை நம்பாதீர்கள். 3.67 ஆங்ஸ்ட்ராம் பனி வளையம் தெரிந்தால் அதன்மேல் வட்டம் பொருத்தி மையத்தை அளந்து, உள்ளீட்டுக் கோப்பில் ஓஆர்ஜிஎக்ஸ், ஓஆர்ஜிஒய் (டிடெக்டர் மூலப்புள்ளி) இரண்டையும் பிக்சலில் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். (டிடெக்டர் சாயாமல் இருந்தால்தான் இந்த எண்கள் பீம் சென்டரோடு ஒன்றாகும்.) இதே வேலைக்கான இன்னொரு நிரலான டயல்ஸில் இன்டெக்சிங்குக்கு முன்பே டயல்ஸ்.சர்ச்_பீம்_பொசிஷன் ஓட்டலாம்.

ஒரே படம்

ஃபிரேம்.சிபிஎஃப் கடைசிப் படம் மட்டுமே. இன்டெகிரேஷனின் பதிவுக் கோப்பான இன்டெகிரேட்.எல்பி-யில் ஸ்கேல், சிக்மாஆர் (புள்ளி எவ்வளவு சுழற்சிக் கோணத்தில் பரவுகிறது என்ற அளவு) எங்கே துள்ளுகிறதோ அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள்.

வெற்று வட்டங்கள்

படிகத்தை 0.1 டிகிரி மட்டும் சுழற்றி எடுத்த படத்தில் சில வட்டங்கள் காலியாகத் தெரிவது இயல்பு. 5 முதல் 10 படங்களைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் ஒன்றுவிட்டொரு வரிசை காலி என்றால் செல் இரட்டிப்பாகியிருக்கலாம். கான்ட்ராஸ்டை ஏற்றியதும் வட்டமில்லாத மங்கல் வரிசை எழுந்தால், செல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

பீம்ஸ்டாப் நிழல்

நேர்க்கதிரைத் தடுக்கும் பீம்ஸ்டாப்பின் நிழல் விழும் பகுதிக்கு மாஸ்க் போட்டுக் கணக்கிலிருந்து விலக்குங்கள்.