ரைஃபிள் பேரலில் கரி: துணி வெள்ளையாக வந்த பிறகும் மிச்சமிருப்பது

சுத்தம் செய்து முடித்த ரைஃபிளில், பேரலைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கவே இறுக்கமாக இருக்கிறதா? நன்றாக விழுந்துகொண்டிருந்த குண்டுகள் சிதறுகின்றனவா? சேம்பரின் (தோட்டா அமரும் அறை) முன்முனையில் கரி வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும்.

போல்ட்டைக் கழற்றி அங்கே போர் கைடை (ராடை நேராகப் பிடித்துச் செலுத்தும் குழாய்) செருகுங்கள். ராட், அதாவது துணியையும் பிரஷ்ஷையும் தள்ளும் கம்பி, ஒரே துண்டாக, மேல்பூச்சோடு இருக்கட்டும். திருகிச் சேர்க்கும் ராட்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வளையும், மூட்டு உரசும்.

கார்பன் சால்வென்ட் (கரி கரைக்கும் திரவம்) நனைத்த துணியைச் சேம்பர் பக்கமிருந்து தள்ளி, குழல் முனையில் கழற்றிவிடுங்கள். அழுக்குத் துணியைத் திரும்ப உள்ளே இழுக்காதீர்கள். புட்டியில் சொன்ன நேரம் ஊறட்டும். பிறகு பிரஷ், மறுபடி துணி.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தோட்டாக் கூட்டின் வாய் முடியும் இடத்தில்தான் கரி இறுகி, பீங்கான் போலக் கெட்டியாகிறது. அந்த இடம் குழலைவிட அகலம். அதனால் குழல் அளவுக்கான பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். துணி வெள்ளையாக வருவதும் அதனால்தான். ஓரளவு பெரிய பிரஷ் எடுங்கள், 6.5 மி.மீ. பேரலுக்கு 7 மி.மீ. பிரஷ். சால்வென்ட்டில் நனைத்து, அந்த இடம் வரை மட்டும் நுழைத்துச் சுழற்றுங்கள். குழலுக்குள் தள்ள வேண்டாம். பேரிங் வைத்த கைப்பிடி தனியாகச் சுழலும், ஆகவே ராடையே பிடித்துத் திருப்புங்கள். வலஞ்சுழியாக மட்டும், இடஞ்சுழியானால் பிரஷ் கழன்று உள்ளேயே தங்கிவிடும்.

அப்படியும் போகாவிட்டால் தேய்ப்புப் பசை. அதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் சிறு கேமரா) இருந்தால் ஊகம் வேண்டாம், பார்த்தே முடிவு செய்யலாம்.

துணியில் கருப்பு வந்தால் கரி, நீலப்பச்சை வந்தால் குண்டின் மேலுறை விட்டுச்சென்ற செம்பு. இரண்டும் அடுக்கடுக்காகப் படிவதால் கரிக்குப் பின் செம்புக்கான சால்வென்ட், தேவைப்பட்டால் மறுபடி கரிக்கானது. ஒன்றைத் துடைத்தெடுத்த பிறகே மற்றொன்று.

பின்சேர்க்கை: "எவ்வளவு துடைத்தாலும் நீலம் வருகிறது" என்று சிலர் கேட்டார்கள். உங்கள் ஜாக் (ராட் நுனியில் துணியைப் பிடிக்கும் துண்டு) பித்தளையா என்று பாருங்கள். செம்பு கரைக்கும் திரவம் பித்தளையையும் கரைக்கும். நிக்கல் பூசியதோ பிளாஸ்டிக்கோ வாங்குங்கள்.

எடுத்து வைப்பதானால் லேசாக எண்ணெய் தடவுங்கள். சுடுவதற்கு முன் அதை உலர்ந்த துணியால் முழுதும் துடைத்தெடுங்கள். சுத்தம் செய்த பேரலில் முதல் சில குண்டுகள் இடம் மாறி விழலாம், அதற்காக ஸ்கோப்பைத் திருகாதீர்கள்.