சர்க்கரை ஏறினால் தூக்கத்தையும் விசாரியுங்கள்

காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை எகிறியிருந்தால், நம் வீடுகளில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது முந்தைய இரவு சாப்பிட்ட இட்லிதான். தூக்கத்தை யாரும் கேட்பதில்லை.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். அதற்குள்ளாகவே அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துவிட்டது.

இது தலைகீழாகவும் நடக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். கூடவே தண்ணீரும் போகும். இரவில் மூன்று, நான்கு முறை எழுவதை 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்காதீர்கள்.

மிக முக்கியமானது: இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் நடுராத்திரியில் வியர்த்து, படபடத்து, கெட்ட கனவோடு விழித்தால், மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் படுத்துவிடக் கூடாது. உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

தூக்கத்தைக் கெடுக்கும் இன்னொன்று குறட்டை. அதைப் பற்றி, பக்கத்தில் படுப்பவரிடம்தான் கேட்க வேண்டும். (நாம் ஒப்புக்கொள்ள மாட்டோமே!) குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுகிறது என்று அவர் சொன்னால், தூக்கப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.