ஆசிலாஸ்கோப் வைத்து கேசட் டெக்கின் ஹெட்டைச் சரிசெய்வது

ட்ரெபிள் (உயர் அதிர்வெண் ஒலி) மங்கிக் கேட்டால், டேப்பைப் படிக்கும் ஹெட் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் அசிமத்தை, அதாவது ஹெட்டின் சாய்வைப் பாருங்கள். ஹெட்டின் இடுக்கு டேப் ஓடும் திசைக்கு மிகச் சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். கேசட்டின் வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ.; 10 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் டேப்பில் 4.76 மைக்ரான்தான். கால் பாகை சாய்ந்தாலே அந்த அதிர்வெண்ணில் 5 டெசிபல் வரை போய்விடும்.

முதலில் ஹெட், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு, டேப்பை அதோடு அழுத்தும் பிஞ்ச் ரோலர் மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். ஹெட்டுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். டெக்கை அணைத்துவிட்டு ஹெட்டை டிமேக்னடைஸ் செய்யுங்கள், அதாவது அதில் ஏறிய காந்தத்தை நீக்குங்கள். டிமேக்னடைசரை மெதுவாக ஒரு கை தூரம் விலக்கிய பிறகே அதன் சுவிட்சை அணைக்க வேண்டும். டெஸ்ட் டேப் (சரியான அசிமத்தில் சோதனை ஒலிகள் பதிந்த கேசட்) அந்த நேரத்தில் அருகில் இருக்கக் கூடாது. பிறகு டெக்கைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். டால்பி (இரைச்சல் குறைப்பு) அணைந்திருக்கட்டும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து இடது சேனலை ஸ்கோப்பின் எக்ஸ் உள்ளீட்டிலும் வலதை ஒய் உள்ளீட்டிலும் கொடுத்து, இரண்டுக்கும் ஒரே வோல்ட்ஸ்/டிவிஷன் வைத்து ஒரு சேனலை மற்றதற்கு எதிராக வரையும் எக்ஸ்-ஒய் முறைக்கு மாற்றுங்கள். டேப் போடும் முன் ஒரு சோதனை: ஒரே 10 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை இரண்டு உள்ளீட்டுக்கும் கொடுத்தால் 45 பாகைக் கோடு வர வேண்டும். நீள்வட்டம் வந்தால் கோளாறு ஸ்கோப்பிலேயே. பழைய அனலாக் ஸ்கோப்புகள் சிலவற்றில் எக்ஸ் பக்கம் பின்தங்கும்.

ஹெட்டின் ஒரு பக்க ஸ்க்ரூ இறுகி நிற்கும். மறுபக்கம் ஸ்ப்ரிங் வைத்த ஸ்க்ரூதான் அசிமத்துக்கானது. அதன் தற்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, காந்தமேறாத ஸ்க்ரூடிரைவரால் மட்டும் தொடுங்கள்.

டெஸ்ட் டேப்பில் 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து தொடங்குங்கள். நீள்வட்டம் ஒடுங்கி, கீழ் இடமிருந்து மேல் வலமாகச் சாயும் கோடாகும் வரை திருப்புங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இரு சேனல் அலைகளுக்கும் நடுவே 180 பாகை வித்தியாசம். பிறகு 3, கடைசியாக 10 கிலோஹெர்ட்ஸ். உயர ஏற ஏற மயிரிழை அளவே திருப்ப வேண்டியிருக்கும்.

நேராக 10 கிலோஹெர்ட்ஸுக்குப் போகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். டேப்பில் இடது, வலது சேனல்கள் பதியும் இரண்டு டிராக்குகளின் மையங்களுக்கு நடுவே 0.9 மி.மீ. தூரம்; ஹெட் 0.3 பாகை தவறியிருந்தால் ஒரு சேனல் முழுதாக ஓர் அலை பின்தங்கி, திரையில் மறுபடி அழகான நேர்கோடு வரும். ஆனால் அளவு பாதிக்கும் கீழே விழுந்திருக்கும். கோடும் நேராக இருக்க வேண்டும், நீளமும் உச்சத்தில் இருக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் இதே பொய்க்கோடு வர 3 பாகை தவற வேண்டும். அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறோம்.

10 கிலோஹெர்ட்ஸில் உருவம் ஒரு நிலையில் நிற்காது. டேப் நெளிவதால் கோடு விரிந்து மூடும். நேர்கோட்டின் இரு பக்கமும் சமமாக ஆடினால் சரி. எல்லை மீறி ஆடினால் பிஞ்ச் ரோலரையும் டேப் கைடையும் பாருங்கள், ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை. கோடு நேராக இருந்தும் 45 பாகையில் இல்லாவிட்டால், அது சேனல் அளவு வித்தியாசம்.

கேசட்டை எடுத்து மீண்டும் போட்டு, அதே கோடு வருகிறதா பாருங்கள். வந்தால் ஸ்க்ரூ அசையாமலிருக்க அதன் ஓரத்தில் ஒரு துளி நெயில் பாலிஷ். பதியவும் கேட்கவும் தனித்தனி ஹெட் உள்ள மூன்று ஹெட் டெக்கில், பிளேபேக் ஹெட் முடிந்த பிறகே காலி டேப்பில் 10 கிலோஹெர்ட்ஸ் பதிந்துகொண்டே ரெக்கார்ட் ஹெட்டைச் சரிசெய்ய வேண்டும். இதே டெக்கில் முன்பு பதிந்த கேசட்டுகள் இனி மங்கிக் கேட்கும். டிஜிட்டலாக்க வேண்டியவை இருந்தால், ஸ்க்ரூவைத் தொடும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.